பழகியது யாருக்கு?

தொடையிலோ அக்குளிலோ சின்னதாக ஒரு பரு கிளம்புகிறது. மறுநாள் சுற்றிலும் சிவந்து, தொட்டால் சுடுகிறது. நடுவில் மஞ்சளாகச் சீழ் கட்டுகிறது. “ஏதோ பூச்சி கடிச்சிருக்கு” என்போம். அமெரிக்காவிலும் சிலந்தி கடித்தது என்று சொல்லிக்கொண்டுதான் பலர் டாக்டரிடம் போகிறார்கள். தமிழில் சிலந்தி என்ற சொல்லுக்கே கட்டி என்றும் ஒரு பொருள் உண்டு! பெரும்பாலும் இது பூச்சியின் வேலை இல்லை, ஸ்டாஃபிலோகாக்கஸ் என்ற கிருமியின் வேலை.

1880களில் ஸ்காட்லாந்து மருத்துவர் அலெக்சாண்டர் ஆக்ஸ்டன் சீழை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தார். திராட்சைக் குலை போலத் தெரிந்தது. பெயரும் அப்படியே வைத்தார். பத்தில் மூன்று பேர் மூக்கில் இது சும்மா குடியிருக்கும். சவரம் செய்த கீறல் ஒன்று கிடைத்தால் உள்ளே புகுந்துவிடும்.

மாத்திரை கேட்கவில்லை என்றால் நாம் சொல்வது: “உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு.” இங்கேதான் சறுக்குகிறோம். பழகியது உடம்புக்கு அல்ல, கிருமிக்கு. அதனால்தான் ஆன்டிபயாட்டிக்கே சாப்பிடாத குழந்தைக்கும், அப்பா துடைத்த துண்டிலிருந்து அதே அடங்காத கட்டி வரலாம்.

கிருமி தன்னைச் சுற்றிச் சுவர் கட்டி வாழ்கிறது. பென்சிலின் வகை மருந்துகள் அந்தச் சுவரைக் கட்டும் கொத்தனாரின் கையைப் பிடித்துக்கொள்ளும். சுவர் எழும்பாமல் கிருமி சாகும். எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற வகை வேறொரு கொத்தனாரை வைத்திருக்கிறது. மருந்தின் பிடிக்கு அவர் கை அகப்படாது. 1961-லேயே இங்கிலாந்தில் இதைக் கண்டுவிட்டார்கள்.

அப்படியானால் பார்த்தே கண்டுபிடிக்கலாமா? முடியாது. மருந்துக்கு அடங்கும் கட்டியும் அடங்காத கட்டியும் கண்ணுக்கு ஒன்றுதான். சந்தேகப்படத்தான் முடியும்: மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளாகியும் வற்றவில்லை, ஆறிய பின் மறுபடி வருகிறது, வீட்டில் இன்னொருவருக்கும் வந்திருக்கிறது. சிவப்பின் ஓரத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோட்டைத் தாண்டிச் சிவப்பு பரவினாலோ, காய்ச்சல் வந்தாலோ, கட்டி முகத்தில் இருந்தாலோ அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். பிதுக்க மட்டும் வேண்டாம். கிருமியை ஆழத்துக்குத் தள்ளுகிற வேலை அது.

டாக்டர் கீறிச் சீழை வெளியேற்றினாலே பாதி வைத்தியம் முடிந்தது. அந்தச் சீழைக் கல்ச்சர் டெஸ்டுக்கு அனுப்பலாமா என்று கேளுங்கள். சில நாளில் வரும் ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும். நேரே ‘எஸ்’ என்றால் கேட்கும், ‘ஆர்’ என்றால் கேட்காது. கிருமி ஸ்டாஃபிலோகாக்கஸ் என்றிருந்து, செஃபாக்ஸிட்டின் என்ற பெயருக்கு நேரே ‘ஆர்’ இருந்தால், இத்தனை நேரம் நாம் பேசிக்கொண்டிருந்த ஆள், அந்த எம்.ஆர்.எஸ்.ஏ., அதுதான்.