முதுகலை மேலாண்மைக் கல்வியும் தொழில்முனைவுத் திறன் வளர்ச்சியும்

முன்னுரை

கணக்கியல், நிதியியல், சந்தையியல், மனிதவள மேலாண்மை ஆகிய துறைகளை எம்.பி.ஏ. கல்வி முறையாகக் கற்பிக்கிறது. எனினும் அப்பட்டம் பெறுவோருள் பெரும்பாலோர் பிறர் தொடங்கிய நிறுவனங்களிலேயே பணியேற்கின்றனர். தொழில்முனைவு இக்கல்விக்குப் புதியதன்று. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1947ஆம் ஆண்டிலேயே மைல்ஸ் மேஸ் அதனை ஒரு பாடமாகத் தொடங்கினார். ஆகவே, பாடம் இருக்கிறதா என்பதைவிட, அது எவ்வகைச் சிந்தனையைப் பயிற்றுகிறது என்பதே ஆராயத்தக்கது.

இருவகைச் சிந்தனைகள்

சரஸ் சரஸ்வதி அனுபவம் மிக்க 27 தொழில்முனைவோரிடம் ஒரே வகையான தொழிற்சிக்கல்களை அளித்து, அவற்றைத் தீர்க்கும்போது எண்ணுவனவற்றை வாய்விட்டுச் சொல்லச் செய்து ஆராய்ந்தார். அவர் 2001இல் வெளியிட்ட கோட்பாடு இருவகைச் சிந்தனைகளை வேறுபடுத்துகிறது. இலக்கை முதலில் வரையறுத்து அதற்கான வழிகளைத் தேடுவது ஒருவகை. தன் இயல்பு, தன் அறிவு, தன் தொடர்புகள் ஆகிய கைவசமுள்ளவற்றிலிருந்து தொடங்கி இலக்கை உருவாக்கிக்கொள்வது மற்றொரு வகை. சமையற்பட்டியல் எழுதியபின் பொருள் வாங்கச் செல்வதற்கும், அடுக்களையில் இருப்பதைக் கொண்டு சமைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

சிறுதானியச் சிற்றுண்டி விற்க விரும்பும் மாணவர் ஒருவரைக் கருதலாம். முதல் வகையில் அவர் சந்தை ஆய்வு செய்து, திட்ட அறிக்கை எழுதி, வங்கிக் கடன் கோருவார். இரண்டாம் வகையில் அறிந்தவர் சமையற்கூடத்தில் சிறிதளவு செய்து, விடுதி நண்பர்களிடம் விற்றுப் பார்ப்பார். ‘எவ்வளவு ஈட்டலாம்’ என்பதினும் ‘எவ்வளவு இழந்தால் தாங்கலாம்’ என்பதே அவர்தம் அளவுகோலாகும்.

கல்விக்குரிய மாற்றங்கள்

எழுத்துத் தேர்வும் திட்ட அறிக்கையும் முதல் வகையையே அளவிடுகின்றன. எனவே, உண்மையான வாடிக்கையாளரிடம் விற்றல், கிடைத்த மறுப்புக்கேற்பப் பொருளைத் திருத்தல், வரவுசெலவைப் பதிதல் ஆகியவற்றுக்கும் மதிப்பெண் வழங்குதல் வேண்டும். கோடைக்காலப் பயிற்சியைச் சிறுதொழிற்கூடங்களில் மேற்கொள்ளவும் இடமளிக்கலாம்.

கல்விக்கடன் பெற்ற மாணவருக்கு வளாக வேலைவாய்ப்பைத் துறப்பதே தாங்கவியலாத இழப்பாகும். தொழில் தொடங்குவோர் பின்னாளில் வளாக நேர்காணலுக்குத் திரும்ப, அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் வாய்ப்பளித்துள்ளது. இத்தகைய ஏற்பாடு அவ்விழப்பின் அளவைக் குறைக்கிறது.

முடிவுரை

இரண்டாம் வகைச் சிந்தனை முதல் வகைக்கு மாற்றன்று. தொழில் வளர்ந்தபின் திட்டமிடல், செலவுக் கணக்கு, வரி ஒழுங்கு ஆகியன இன்றியமையாதவை. தொடக்கத்திற்கு ஒன்றும் வளர்ச்சிக்கு மற்றொன்றும் உரியன. இரண்டையும் உரிய காலத்தில் கையாளப் பயிற்றும் கல்வியே தொழில்முனைவோரை உருவாக்கவல்லது.