ஏழு வருடப் பழைய சாவி!

பாஸ்வேர்டு திருடு போகவில்லை. ஓ.டி.பி கேட்டு யாரும் போன் செய்யவில்லை. ஆனாலும் 2023 மே, ஜூன் மாதங்களில் அமெரிக்க வணிகத்துறை அமைச்சர் ஜினா ரைமாண்டோ, சீனாவுக்கான அமெரிக்கத் தூதர் நிக்கோலஸ் பர்ன்ஸ் ஆகியோரின் அலுவலக மெயில்களை யாரோ சாவகாசமாகப் படித்துக்கொண்டிருந்தார்கள். வெளியுறவுத்துறையில் மட்டும் சுமார் 60,000 மெயில்கள் பறிபோயின. சீனாவில் இயங்கும் ஹேக்கர் குழுவின் வேலை இது என்றது மைக்ரோசாஃப்ட். சீனா மறுத்தது.

எப்படி நுழைந்தார்கள்?

நீங்கள் பாஸ்வேர்டு போட்டு உள்ளே போனதும், சர்வர் ஒரு டோக்கன் தருகிறது. 'இவர் இன்னார்தான்' என்று எழுதி, முத்திரை குத்திய சீட்டு. பிறகு ஒவ்வொரு முறையும் பாஸ்வேர்டு கேட்பதில்லை, முத்திரையைத்தான் பார்க்கிறார்கள். அந்த முத்திரைக் கட்டைக்குப் பெயர்தான் 'சைனிங் கீ'. அது கையில் கிடைத்தால், யார் பெயரில் வேண்டுமானாலும் சீட்டு எழுதிக்கொள்ளலாம். நீங்கள் எவ்வளவு கடினமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் பயனில்லை.

இது தெரிந்துதான் மைக்ரோசாஃப்டில் தனித்தனி கீ வைத்திருந்தார்கள். ஹாட்மெயில் மாதிரி பொதுமக்கள் கணக்குக்கு ஒன்று, கம்பெனி மற்றும் அரசுக் கணக்குகளுக்கு வேறு. பால் கார்டுக்கு ஒரு முத்திரை, பத்திரப்பதிவுக்கு ஒரு முத்திரை என்பதுபோல. ஹேக்கர்களிடம் சிக்கியது 2016-ல் உருவாக்கிய பால் கார்டு முத்திரை. அதை வைத்துப் பத்திர ஆபீஸையே திறந்துவிட்டார்கள்!

காரணம் சின்னதுதான். 2018-ல் இரண்டு வகை கீ-க்களையும் சரிபார்க்கும் விவரங்களை ஒரே இடத்தில் வெளியிட ஆரம்பித்தார்கள். 'எந்தக் கணக்குக்கு எந்தக் கீ என்பதையும் அந்த லைப்ரரியே சரிபார்த்துவிடும்' என்று மெயில் பிரிவினர் நம்பினார்கள். அதுவோ, முத்திரை அசல்தானா என்று மட்டும் பார்த்தது. தனித்தனி கீ வைத்தும், வாசலில் கேட்க ஆள் இல்லை.

இன்னொரு கொடுமை, அந்தக் கீ 2021 மார்ச்சிலேயே ஓய்வு பெற்றிருக்க வேண்டியது. பொதுமக்கள் கீ-க்களைக் கையால்தான் மாற்றி வந்தார்கள். அப்படி மாற்றும்போது ஒருமுறை சேவையே முடங்கியதால் அந்த வழக்கத்தை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கவில்லை.

கண்டுபிடித்தது மைக்ரோசாஃப்ட் அல்ல, வெளியுறவுத்துறை ஊழியர்கள். கூடுதல் கட்டணம் கட்டி வாங்கிய பதிவேட்டில் எச்சரிக்கை ஒலிக்க ஏற்பாடு செய்திருந்தார்கள். காசு கட்டாதவர்களுக்கு அந்தப் பதிவேடே கண்ணில் படாது. பூட்டு விற்றவரே, திருடன் வந்ததைப் பார்க்கத் தனிக் கட்டணம் வாங்குவது என்ன நியாயம்? எதிர்ப்பு கிளம்பியபின் அதை எல்லோருக்கும் தர மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது.

'தடுத்திருக்கக்கூடிய சம்பவம்' என்று 2024 ஏப்ரலில் அமெரிக்க அரசின் விசாரணைக் குழு அறிக்கை தந்தது. கீ எப்படி வெளியே போனது? பழுதான கம்ப்யூட்டரின் பதிவுக் கோப்பு ஒன்றில் கசிந்திருக்கலாம் என்று 2023 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் சொன்னது. அப்படி ஒரு கோப்பு கிடைக்கவே இல்லை என்று 2024 மார்ச்சில் திருத்திக்கொண்டது.