17 நாட்களுக்கு முன்பே வந்த எச்சரிக்கை: ஈஸ்டர் தாக்குதலை இலங்கை ஏன் தடுக்கவில்லை? நாடுகளுக்கு இடையே உளவுத் தகவல் பகிர்வு எப்படி நடக்கிறது?

2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. காலை 8.45 மணி அளவில் இலங்கையில் முதல் குண்டு வெடித்தது. கொழும்பு கொச்சிக்கடை புனித அந்தோணியார் ஆலயம், நீர்கொழும்பு புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று நட்சத்திர ஓட்டல்கள் என அடுத்தடுத்து தற்கொலைத் தாக்குதல்கள். 260-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளிக்கு வந்திருந்த குழந்தைகளும் அதில் அடக்கம்.

தாக்குதல் நடந்த சில மணி நேரத்திலேயே இன்னொரு அதிர்ச்சி. இப்படி ஒன்று நடக்கப் போகிறது என்று இந்தியா முன்கூட்டியே சொல்லியிருந்தது. யார் செய்வார்கள், எங்கே செய்வார்கள் என்பதும் அந்தத் தகவலில் இருந்தது.

அப்படியானால் தவறு எங்கே நடந்தது? நாடுகள் இப்படிப்பட்ட தகவல்களை எப்படிப் பகிர்ந்து கொள்கின்றன? அதன் பிறகு என்ன மாறியிருக்கிறது?

தகவல் எப்படி கிடைத்தது?

இதன் ஒரு முனை கோவையில் இருக்கிறது. 2018-ல் கோவையில் ஐ.எஸ். அமைப்பின் கருத்துகளால் ஈர்க்கப்பட்டதாக சிலர் கைது செய்யப்பட்டனர். வழக்கு தேசிய புலனாய்வு முகமையான என்ஐஏ கைக்குப் போனது. அந்த விசாரணையில், இலங்கையின் காத்தான்குடியைச் சேர்ந்த ஜஹ்ரான் ஹாஷிமின் வீடியோக்கள் சிக்கியதாகவும், அதன் பிறகுதான் இந்திய உளவுத்துறையின் கவனம் அவர் பக்கம் திரும்பியதாகவும் பின்னர் செய்திகள் வெளியாகின. ஈஸ்டர் தாக்குதலுக்குத் தலைமை வகித்தவர் இதே ஜஹ்ரான்தான்.

ஒரு ஊரில் நடக்கும் வழக்கு விசாரணை, கடல் தாண்டி இன்னொரு நாட்டுக்கான எச்சரிக்கையாக மாறுவது இப்படித்தான்.

17 நாட்களில் நடந்தது என்ன?

ஏப்ரல் 4: இலங்கையின் அரச புலனாய்வு சேவையின் இயக்குநருக்கு இந்தியாவிடம் இருந்து தகவல் வருகிறது. ஜஹ்ரானும் கூட்டாளிகளும் முக்கிய தேவாலயங்கள் மீதும், கொழும்பில் உள்ள இந்திய தூதரகம் மீதும் தற்கொலைத் தாக்குதல் நடத்தத் திட்டமிடுவதாக அதில் சொல்லப்பட்டிருந்தது.

ஏப்ரல் 7: அந்தத் தகவல் தேசிய புலனாய்வுத் தலைவருக்குச் செல்கிறது.

ஏப்ரல் 9: அங்கிருந்து காவல்துறைத் தலைவருக்குக் கடிதம் போகிறது. அவர் அதைச் சில மூத்த அதிகாரிகளுக்கு அனுப்புகிறார்.

ஏப்ரல் 11: துணைத் தலைவர் நிலையில் உள்ள காவல்துறை அதிகாரி ஒருவர் சுற்றறிக்கை அனுப்புகிறார். அது போனது அமைச்சர்கள், நீதிபதிகள், தூதரக அதிகாரிகள், முன்னாள் ஜனாதிபதிகள் ஆகியோருக்குப் பாதுகாப்பு கொடுக்கும் பிரிவுகளுக்கு.

ஏப்ரல் 16: காத்தான்குடி அருகே ஒரு மோட்டார் சைக்கிள் வெடித்துச் சிதறுகிறது. அது தாக்குதலுக்கான ஒத்திகை என்பது பிறகு தெரியவந்தது.

ஏப்ரல் 20-ம் தேதியும், 21-ம் தேதி காலையும் மறுபடி எச்சரிக்கைகள் வருகின்றன.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். குறி வைக்கப்பட்டது தேவாலயங்கள். ஆனால் 11-ம் தேதி சுற்றறிக்கை போனது வி.ஐ.பி.க்களுக்குக் காவல் நிற்பவர்களுக்கு. தேவாலயங்களுக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. முன்பே தெரிந்திருந்தால் ஞாயிறு திருப்பலியையே ரத்து செய்திருப்போம் என்று கொழும்பு பேராயர் மால்கம் ரஞ்சித் வேதனையுடன் சொன்னார்.

அந்தச் சுற்றறிக்கையைத் தாக்குதலுக்குப் பிறகு ட்விட்டரில் வெளியிட்டவர் அப்போதைய அமைச்சர் ஹரின் ஃபெர்னாண்டோ. உளவுத்துறை அதிகாரி ஒருவர் மூலம் தன் தந்தைக்கு இது பற்றி முன்பே தெரிய வந்ததாக அவர் சொன்னது பெரும் கொந்தளிப்பை ஏற்படுத்தியது.

அரசியல் சண்டையும் ஒரு காரணமா?

ஆம். 2018 அக்டோபரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, பிரதமர் ரணில் விக்ரமசிங்கவைப் பதவி நீக்கினார். நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு ரணில் மீண்டும் பிரதமரானார். ஆனால் அதன் பிறகு தேசிய பாதுகாப்பு சபைக் கூட்டங்களுக்கு அவர் அழைக்கப்படவே இல்லை. தனக்கு எச்சரிக்கை பற்றித் தெரியாது என்று ரணில் சொன்னார். தனக்கும் யாரும் சொல்லவில்லை என்றார் சிறிசேன.

இன்னொரு தகவலும் வீணாகிப் போனது. ஜஹ்ரானின் பேச்சுகள் ஆபத்தானவை என்று இலங்கை முஸ்லிம்களே பல ஆண்டுகளுக்கு முன்பிருந்து அதிகாரிகளிடம் புகார் சொல்லி வந்தனர். வெளிநாட்டிலிருந்து வந்த தகவல் போலவே, உள்ளூரில் இருந்து போன தகவலும் கிடப்பில் போடப்பட்டது.

2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம் முக்கியத் தீர்ப்பு ஒன்றை வழங்கியது. தகவல் இருந்தும் தடுக்கத் தவறியதன் மூலம் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாகக் கூறிய நீதிமன்றம், சிறிசேன தன் சொந்தப் பணத்திலிருந்து 10 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. காவல்துறைத் தலைவர், அரச புலனாய்வு சேவை இயக்குநர், பாதுகாப்புச் செயலாளர், தேசிய புலனாய்வுத் தலைவர் ஆகிய பதவிகளில் இருந்தவர்களும் இழப்பீடு தர உத்தரவிடப்பட்டது.

சரி, பொதுவாக தகவல் பகிர்வு எப்படி நடக்கும்?

பெரும்பாலும் இரு நாடுகளின் உளவு அமைப்புகளுக்கு இடையே நேரடியாகத்தான் நடக்கும். கொடுக்கும் தகவல் எங்கிருந்து வந்தது என்று பொதுவாகச் சொல்ல மாட்டார்கள். சொன்னால், தகவல் கொடுத்த ஆளின் உயிருக்கே ஆபத்து வரலாம். ஒரு நாடு கொடுத்த தகவலை, அந்த நாட்டின் அனுமதி இல்லாமல் மூன்றாவது தரப்புக்குக் கொடுக்கக் கூடாது என்பதும் உளவு உலகில் எழுதப்படாத சட்டம் மாதிரி.

இங்கேதான் சிக்கலே. ரகசியம் காக்க வேண்டும் என்று பூட்டி வைத்தால், களத்தில் நிற்கும் காவலருக்குத் தகவல் போகாது. எல்லோருக்கும் சொன்னால் ரகசியம் கசிந்துவிடும். இதற்கு உளவு அமைப்புகள் கையாளும் வழி, மூலத்தை மறைத்துவிட்டு, செய்ய வேண்டியதை மட்டும் கீழே சொல்வது. "இந்த ஞாயிறு தேவாலய வாசலில் பைகளைச் சோதனை செய்யுங்கள்" என்று சொல்ல, தகவல் தந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் என்ன ஏற்பாடு?

இந்தியாவும் இதே பாடத்தைப் பெரிய விலை கொடுத்துத்தான் கற்றது. கார்கில் போருக்குப் பிறகு, 2001-ல் உளவுத்துறையான ஐபியின் கீழ் பன்முகமை மையம் தொடங்கப்பட்டது. சுருக்கமாக 'மேக்'. மத்திய உளவு, பாதுகாப்பு அமைப்புகள் தங்களிடம் உள்ள தகவலை ஒரே இடத்தில் வைத்துப் பேசுவதற்கான ஏற்பாடு இது.

ஆனால் 2008 நவம்பர் 26 அன்று 10 பயங்கரவாதிகள் கடல் வழியாக மும்பைக்குள் நுழைந்தபோது இந்த ஏற்பாடு போதவில்லை. 166 பேர் கொல்லப்பட்டனர். கடல் வழித் தாக்குதல் பற்றிய எச்சரிக்கைகள் முன்பே வந்திருந்தும், அவை ஒன்றாகக் கோர்க்கப்படவில்லை என்ற விமர்சனம் எழுந்தது.

அதன் பிறகு 'மேக்' 24 மணி நேரமும் இயங்கும் வகையில் பலப்படுத்தப்பட்டது. மாநிலங்களில் அதன் துணை மையங்கள் இணைக்கப்பட்டன. என்ஐஏ உருவானது. கடலோரக் கண்காணிப்புக்காக மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், போர்ட் பிளேர் ஆகிய இடங்களில் கடற்படை, கடலோரக் காவல்படை, மாநில காவல்துறை சேர்ந்து இயங்கும் கூட்டு மையங்கள் வந்தன. 2025 மே மாதம், நவீன தொழில்நுட்பத்துடன் புதுப்பிக்கப்பட்ட 'மேக்' மையம் டெல்லியில் திறக்கப்பட்டது.

தெற்காசிய நாடுகள் சேர்ந்து என்ன செய்கின்றன?

சார்க் அமைப்பு 1987-லேயே பயங்கரவாதத் தடுப்பு ஒப்பந்தம் போட்டது. தகவல்களைத் திரட்ட கொழும்பில் ஒரு கண்காணிப்புப் பிரிவும் உருவாக்கப்பட்டது. ஆனால் இந்தியா–பாகிஸ்தான் மோதலால் சார்க் முடங்கிக் கிடக்கிறது. 2014-க்குப் பிறகு உச்சி மாநாடே நடக்கவில்லை.

அந்த இடத்தை நிரப்பப் பார்ப்பது 'கொழும்பு பாதுகாப்பு மாநாடு' என்ற அமைப்பு. 2011-ல் இந்தியா, இலங்கை, மாலத்தீவு ஆகிய மூன்று நாடுகளின் கடல் பாதுகாப்புப் பேச்சுவார்த்தையாகத் தொடங்கி, இடையில் நின்றுபோனது. ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு, 2020 நவம்பரில் கொழும்பில் மீண்டும் உயிர் பெற்றது. 2022-ல் மொரீஷியஸும், 2024-ல் வங்கதேசமும் இணைந்தன. 2024 ஆகஸ்ட் 30 அன்று இதற்கான சாசனம் கையெழுத்தாகி, கொழும்பில் செயலகம் அமைக்க முடிவானது. பயங்கரவாதத் தடுப்பும், தீவிரவாத மனப்போக்கைத் தடுப்பதும் இதன் முக்கிய வேலைகளில் ஒன்று.

இது போதுமா?

நாட்டுக்கு நாடு தகவல் போய்ச் சேர்வதற்கு இந்த அமைப்புகள் உதவும். ஆனால் 2019-ல் அந்தப் பகுதி தடைபடவே இல்லை. தகவல் கொழும்புக்கு வந்து சேர்ந்துவிட்டது. அதன் பிறகு அலுவலகத்துக்கு அலுவலகம் கடிதமாகப் போனதில் நாட்கள் கரைந்தன. வாங்கியவர் அடுத்தவருக்கு அனுப்பியதோடு தன் கடமை முடிந்ததாக நினைத்தார். தேவாலய வாசலில் கூடுதல் காவலர்களை நிறுத்த வேண்டியது யார் என்பது கடைசி வரை முடிவாகவில்லை.

அதனால்தான் எத்தனை ஒப்பந்தங்கள் கையெழுத்தாகின என்பதோடு இன்னொன்றையும் கேட்க வேண்டியிருக்கிறது. எச்சரிக்கை வந்தால் அதை யார் கையில் எடுப்பார், எத்தனை மணி நேரத்துக்குள் உள்ளூர் காவல் நிலையத்துக்குச் சொல்வார், நடக்கவில்லை என்றால் யார் பதில் சொல்வார்? இலங்கையில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடித்தான், பாதிக்கப்பட்ட குடும்பங்கள் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.