கண் விழித்துப் படிக்கலாமா?

தேர்வு நெருங்கிவிட்டால் நம் விடுதியில் விளக்குகள் அணைவதில்லை. விழித்திருப்பவனே பொறுப்புள்ள மாணவன், உறங்குபவன் சோம்பேறி என்பது நம்மிடையே எழுதப்படாத சட்டம். அது சரிதானா என்று சற்று ஆராய்வோம்.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாங்கள் நடத்திய ஒரு சோதனையின் முடிவை ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் உளவியலார் இருவர் 1924-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். சோதனைக்கு உட்பட்டவர்களும் நம்மைப் போன்ற மாணவர்கள்தாம். பொருளற்ற அசைகளை மனப்பாடம் செய்தபின் சில நாட்கள் உறங்கினர். சில நாட்கள் விழித்திருந்து வழக்கமான வேலைகளைப் பார்த்தனர். 8 மணி நேரம் கழித்துக் கேட்டபோது, உறங்கி எழுந்தவர்களுக்கு ஏறத்தாழப் பாதி நினைவிலிருந்தது; விழித்திருந்தபோதோ பத்தில் ஒரு பங்கே எஞ்சியது. இரண்டே மாணவர்களை வைத்து முடிவு கட்டலாமா என்று புள்ளியியல் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பின்னர் நடந்த பல ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டின. பகலில் படித்ததை மூளை உறுதிப்படுத்திக்கொள்வது உறக்கத்தில்தான்.

நடுநிசித் தேநீரைப் பற்றியும் ஒரு சொல். இயற்பியலில் அரை ஆயுள் கணக்கிடுகிறோம் அல்லவா? தேநீரிலுள்ள காஃபினுக்கும் அது உண்டு. சராசரியாக 5 மணி நேரம். இரவு 11 மணிக்குக் குடித்ததில் பாதி, விடியற்காலை 4 மணிக்கும் உடம்பில் இருக்கும். அது களைப்பைப் போக்குவதில்லை, மறைத்து வைக்கிறது, அவ்வளவே.

இனிச் சொல்வதுதான் கடினம். முகூர்த்த நாட்களில் இரவெல்லாம் பந்தி பரிமாறிவிட்டு, முதல் பேருந்தைப் பிடித்து வகுப்புக்கு வருவோர் நம்மிடையே உண்டு. அவர்களிடம் போய், "நன்றாக உறங்கு" என்று உபதேசிப்பது எப்படி? வீட்டுப் பொறுப்பைச் சுமப்பதால்தான் அவர்கள் உறங்குவதில்லை. அவர்கள் மதிப்பெண் குறைந்தால் பொறுப்பில்லாதவர் என்று சொல்லிவிடுகிறோம், அது அநியாயம். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி மிதித்த முதல் ஆள் நான். "ராத்திரி முழிச்சுப் படி, கண்ணு" என்பதைத் தவிர அம்மா வேறென்ன சொல்ல முடியும்?

1885-இல் ஜெர்மானியரான எபிங்காஸ், தம்மையே சோதித்து எழுதிய நூலில், ஒரே மூச்சில் படிப்பதைவிட நாள்களில் பகிர்ந்து படிப்பதே நிற்கும் என்று காட்டினார். பேருந்துப் பயணத்தில், நேற்றைய பாடத்தை நோட்டைப் பார்க்காமல் நினைத்துப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். இது நம் கையில் உள்ளது. பேராசிரியர்கள் கையிலும் ஒன்று உள்ளது: எல்லாப் பாடங்களின் உள்தேர்வுகளையும் ஒரே வாரத்தில் வைக்காமல், பருவம் முழுவதும் பரப்பி வைக்க வேண்டுகிறோம்.