அதிவேகக் காமிராவும் ஆலை யந்திரமும்

மயிலாப்பூர் மாடவீதிகளிலும், தியாகராய நகரில் பாண்டி பஜாரை ஒட்டிய தெருக்களிலும், அடையாறு காந்தி நகரிலும் பொழுது புலர்வதற்கு முன்பே வாசற்கதவில் தொங்கும் பைகளில் வந்து விழுந்துவிடுகிற பால் பாக்கெட்டுகளை, நீலம், பச்சை, ஆரஞ்சு என்று நிறத்தைச் சொல்லியே கேட்டு வாங்கப் பழகிவிட்ட நாம், அந்த அரை லிட்டர் உறை எப்படிப்பட்ட யந்திரத்தில், என்ன வேகத்தில் உருவாகிறது என்று நினைத்துப் பார்ப்பது அபூர்வம். பெரிய ரோலாகச் சுற்றி வருகிற பாலிதீன் படலம், சில சிறு உருளைகளின் மேல் ஏறி இறங்கி, காலர் வடிவான ஒரு தகட்டின் மீது வழுக்கி வரும்போதே குழாயாக மடிந்து, முதுகுப்புறத்தில் நெடுகச் சூடுபட்டு ஒட்டிக்கொள்கிறது. அக்குழாய்க்குள் மேலிருந்து பால் இறங்க, இரண்டு தாடைகள் எதிரெதிரே வந்து இறுக்கி, கீழே நிறைந்துவிட்ட பாக்கெட்டின் வாயையும் மேலே நிறையப்போகும் பாக்கெட்டின் அடியையும் ஒரே அழுத்தத்தில் ஒட்டி, நடுவே அறுத்தும் விடுகின்றன. இரட்டைத் தலை யந்திரம் ஒன்று மணிக்குச் சுமார் 5,000 பாக்கெட்டுகளை நிரப்புகிறது என்று கொண்டால், ஒவ்வொரு தலைக்கும் ஒரு பாக்கெட்டுக்குக் கிடைக்கும் அவகாசம் 1.44 விநாடி.

இத்தகைய யந்திரத்தில் ஆயிரம் பாக்கெட்டுக்கு நான்கைந்து ஒழுகுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஃபிட்டர் வந்து தாடையின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றுகிறார். ஒழுகல் குறைந்தது போலிருந்து மறுபடி தலைகாட்டுகிறது. சூட்டை இறக்குகிறார், அதிலும் பயனில்லை. படலம் தரக்குறைவு என்று அதை விற்றவர்மேல் சந்தேகம் விழுகிறது. கடைசியில், இரவு ஷிஃப்டில் நின்றவர் அசிரத்தையாக இருந்தார் என்ற முடிவுக்கு வந்து, அவருக்கு ஒரு மெமோவும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கண்ணால் காண முடியாத வேகத்தில் நடக்கும் பிழைக்கு மனிதர் கண்டுபிடிக்கும் காரணம், பெரும்பாலும் பக்கத்தில் நிற்கும் இன்னொரு மனிதராகவே அமைந்துவிடுகிறது என்பதுதான் இந்த விஷயத்தில் என்னை மிகவும் வருத்துவது. அந்த அநீதிக்குப் பரிகாரமாக இன்று நமக்குக் கிடைத்திருக்கும் சாதனம், உள்ளங்கையில் ஏந்தக்கூடிய அளவுக்குச் சிறுத்துவிட்ட அதிவேகக் காமிரா.

இதன் அடிப்படைத் தத்துவம் சென்னைவாசிகளுக்குப் புதிதல்ல. திரைப்படம் விநாடிக்கு 24 பிரேம் என்ற கணக்கில் ஓடுகிறது. கோடம்பாக்கத்து ஒளிப்பதிவாளர் காமிராவை 96 பிரேம் வேகத்தில் ஓடவிட்டுப் படமெடுத்து, அதைத் திரையில் 24 பிரேமாகவே ஓட்டினால், கதாநாயகன் மாடியிலிருந்து குதிப்பது நாலு மடங்கு நிதானமாகத் தெரிகிறது. அதே போல் விநாடிக்கு 1,000 பிரேம் எடுத்து அதை 25 பிரேமாகப் போட்டுப் பார்த்தால், யந்திரத்தின் ஒரு விநாடி நம் கண்ணெதிரே 40 விநாடியாக நீண்டுவிடும், 1.44 விநாடியில் முடிகிற பாக்கெட்டின் ஜனனம் ஏறக்குறைய ஒரு நிமிஷ நேரம் நடக்கும்.

வேகத்தை நிறுத்திப் பார்க்கும் ஆசை பழமையானது. கலிபோர்னியாவில் 1878-ஆம் வருஷம் மைப்ரிட்ஜ் என்பவர் பந்தயப் பாதையோரமாக 12 காமிராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் குதிரையின் கால்கள் நான்கும் ஒரு க்ஷணம் தரையை விட்டு உயர்கின்றன என்பதைப் பிரத்யக்ஷமாகக் காட்டினார். ஆனால் ஆலைகளுக்கு இந்த வித்தையைக் கொண்டுவந்து சேர்த்த பெருமை, அமெரிக்காவில் எம்.ஐ.டி. ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஹரால்ட் எட்ஜர்டன் என்ற பேராசிரியருக்கே உரியது. மின்சார மோட்டார்களை ஆராய்ந்துகொண்டிருந்த அவர், 1930-ஐ ஒட்டிய வருஷங்களில், மோட்டாரின் சுழற்சிக்குச் சரியாக இசைந்து மின்னும் ஸ்ட்ரோபாஸ்கோப் விளக்கின் கீழே சுழலும் பாகம் அசையாமல் நிற்பது போல் தோன்றுவதைப் பயன்படுத்திக்கொண்டார். பின்னர் அவரும் சகாக்களும் பல ஆலைகளுக்கு ஆலோசகர்களாகவும் விளங்கினர். இன்றும் அச்சகங்களிலும் நூற்பாலைகளிலும் இந்த விளக்கு வேலை செய்துகொண்டிருக்கிறது.

எனினும் ஸ்ட்ரோபாஸ்கோப்புக்கு ஓர் எல்லை உண்டு. திரும்பத் திரும்ப ஒரே மாதிரி நிகழ்வதைத்தான் அது நிறுத்திக் காட்டும். ஆயிரத்தில் ஒரு முறை மட்டும் தவறுகிற யந்திரத்தைப் பார்த்தால், தவறாத 999 முறைகளின் பிம்பமே கண்ணில் பதிந்து, தவறிய அந்த ஒன்று மின்னலாய் மறைந்துவிடும். ஆலைகளில் தலைவலியாக இருப்பது அந்த ஒன்றேதான். எப்போதும் கெட்டுக்கிடக்கும் யந்திரத்தை எந்த மெக்கானிக்கும் சீர்செய்துவிடுவார். எப்போதாவது கெடுகிற யந்திரமே அநுபவஸ்தர்களையும் திணற அடிக்கிறது.

ஃபிலிமில் எடுக்கும் அதிவேகக் காமிராக்கள் இந்தக் குறையை ஓரளவே தீர்த்தன. நூறடி நீளமுள்ள 16 மில்லிமீட்டர் சுருளில் 4,000 பிரேம்களே அடங்கும். விநாடிக்கு 4,000 பிரேம் என்ற வேகத்தில் ஓட்டினால் ஒரே விநாடியில் சுருள் தீர்ந்துபோகும். கோளாறு நிகழப்போகும் விநாடியை முன்கூட்டியே அறிந்த ஜோசியர் எந்த ஆலையிலும் இல்லை. பொத்தானை அழுத்தி, சுருளைக் கழுவக் கொடுத்து, மறுநாள் போட்டுப் பார்த்தால், யந்திரம் செவ்வனே ஓடிய காட்சியே பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

இப்போதுள்ள மின்னணுக் காமிரா இந்தச் சங்கடத்தை வென்ற விதம் மிகவும் அழகானது. அகலத்தில் 1,280, உயரத்தில் 1,024 என்று புள்ளிகள் கொண்ட ஒரு பிரேமில் 13 லட்சம் புள்ளிகள். விநாடிக்கு ஆயிரம் பிரேம் என்றால் 130 கோடி புள்ளிகள். இவ்வளவு பெரிய வெள்ளத்தைச் சாதாரண மெமரி கார்டு உடனுக்குடன் வாங்கிக்கொள்ள இயலாதாகையால், காமிரா தன் உள்ளேயே வேகமான நினைவகம் ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது. பத்து வரி மட்டும் கொள்ளும் சிலேட்டில் ஓயாமல் எழுதிக்கொண்டே போகும் ஒருவர், பதினோராவது வரிக்கு இடம் வேண்டி முதல் வரியை அழித்துவிடுவது போல, அந்த நினைவகமும் புதிய பிரேம் வர வரப் பழையதை அழித்துக்கொண்டே சுற்றுகிறது. ஆகவே எந்த நேரத்தில் பார்த்தாலும், கடந்துபோன சில விநாடிகள் மட்டும் அதில் பத்திரமாக இருக்கும். பாக்கெட் ஒழுகியதை யாரேனும் கண்டு பொத்தானை அழுத்தினாலும் சரி, கன்வேயரின் ஓரத்தில் பொருத்திய உணர்கருவி ஒன்று தானாகவே சமிக்ஞை கொடுத்தாலும் சரி, அழிப்பது அந்தக் கணமே நின்றுபோய், கோளாறுக்கு முந்தைய விநாடிகள் முழுவதும் கைக்கு வந்துவிடுகின்றன. நடந்து முடிந்த பிறகு பொத்தானை அழுத்தி, நடந்ததைப் பிடிக்கலாம் என்ற இந்த ஓர் ஏற்பாடுதான் அதிவேகக் காமிராவை ஆராய்ச்சிசாலையிலிருந்து ஆலைக்கு அழைத்துவந்தது என்பது என் அபிப்பிராயம்.

வெளிச்சத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். புதிதாகக் காமிரா பிடிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு மூடியை, விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் கண்திறந்து எடுத்தால், அதற்குள் அது 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடுவதால் படம் தேய்ந்து வரும். கண்திறக்கும் நேரத்தை இருபதாயிரத்தில் ஒரு பங்காகக் குறைத்தால் நகர்வு 0.1 மில்லிமீட்டராகச் சுருங்கி, மூடியின் மரைகூடத் தெளிவாகத் தெரியும். ஆனால் காமிராவுக்குள் நுழையும் ஒளியும் இருபதில் ஒன்றாகிவிடும். அதை ஈடுகட்டப் பழைய ஹாலஜன் விளக்கை அருகே வைத்தால், அதன் உஷ்ணத்தில் பாலிதீன் படலமே இளகி, இல்லாத கோளாறை உண்டாக்கிவிடக்கூடும்; அதனாலேயே சூடு குறைந்த எல்.இ.டி. விளக்குகள் இவ்வேலைக்கு உகந்தவை. பட்டறையில் எரியும் சாதாரண டியூப் லைட்டும் நம்மை அறியாமல் விநாடிக்கு 100 முறை மங்கி மங்கிப் பிரகாசிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு, ஆயிரம் பிரேம் காமிராவில் பத்துப் பிரேமுக்கு ஒரு தரம் படம் முழுவதும் இருண்டு வெளுப்பதாகக் காணும்.

இனி அந்த ஒழுகும் பாக்கெட்டுக்கு வருவோம். தாடைகளுக்கு எதிரே காமிராவை ஊன்றி, பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து வைத்து, ஒழுகிய பாக்கெட் ஒன்று கிடைத்ததும் பதிவை நிறுத்தி, பின்னிருந்து முன்னாக ஒவ்வொரு பிரேமாக நகர்த்திப் பார்க்கிறோம். படலம் மேலிருந்து சரசரவென்று இறங்குகிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது. ஆனால் நின்ற பிறகும் மேலே ரோல் அடங்காமல் சற்றுக் கூடுதலாகச் சுழன்றுவிட, இறுக்கம் தளர்ந்த படலத்தில், தாடை மூடும் இடத்துக்கு நேராக, நகக்கீறல் அளவு ஒரு மடிப்பு விழுகிறது. முப்பது பிரேம், அதாவது விநாடியில் நூற்றில் மூன்று பங்கு நேரமே நிலைக்கிறது அந்த மடிப்பு. மற்றத் தடவைகளில் தாடை வந்து சேர்வதற்குள் அது தானாகவே நீங்கிவிடுகிறது. இந்த ஒரு தடவை நீங்குவதற்குள் தாடை அதைக் கவ்விவிட்டது. இரண்டு அடுக்கு ஒட்ட வேண்டிய இடத்தில் நான்கு அடுக்கு சேர்ந்துவிட, அதன் ஓரத்தில் ஊசிமுனை அளவு வாய் திறந்து, அதன் வழியே பால் கசிகிறது. ஆகக் குற்றம் சூட்டிலும் இல்லை, படலத்திலும் இல்லை, இரவு ஷிஃப்டில் நின்றவரிடத்திலும் இல்லை. ரோலைப் பிடித்து நிறுத்தும் பிரேக்கின் ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. அதை மாற்றுவது அரைமணி நேர வேலை.

இந்தக் காமிராவின் உபயோகம் பாலோடு நிற்பதில்லை. பாட்டில் மூடி கோணலாக ஏறுவது, பிஸ்கட் உறைக்குள் நொறுங்குவது, மாத்திரை அதன் குழியைத் தவறவிடுவது என்று எங்கெல்லாம் பொருள் வேகமாக ஓடுகிறதோ அங்கெல்லாம் இது துப்பறிகிறது. நம் சுற்றுவட்டாரத்திலேயே, ஒரகடத்திலுள்ள வாகன ஆராய்ச்சி மையத்தில் கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் கூடமும், அடையாற்றை ஒட்டிய ஐ.ஐ.டி. வளாகத்தில் தீச்சுடரின் நடத்தையை ஆராயும் தேசிய எரிதல் ஆராய்ச்சி மையமும் உண்டு. அத்தகைய இடங்களில் அதிவேகக் காமிரா அத்தியாவசியமான உபகரணம். வெகுகாலம் அதன் விலையும் பருமனும் பெரிய ஸ்தாபனங்களுக்கு மட்டுமே கட்டுப்படியாயின. 2016-இல் கானடா தேசத்துப் பொறியியலாளர் ஒருவர், ஆயிரம் பிரேமுக்கு மேல் எடுக்கும் கைக்கடக்கமான 'க்ரோனோஸ்' காமிராவைச் சுமார் 2,500 டாலருக்கு வெளியிட முன்வந்தபோது, சிறு பட்டறைக்காரரும் இதைப் பற்றி யோசிக்கலாம் என்ற நிலை பிறந்தது. விநாடிக்கு 240 பிரேம் எடுக்கும் வசதி பல கைபேசிகளிலேயே இருக்கிறது. நம் பால் யந்திரத்தின் ஒரு பாக்கெட்டுக்கு அதில் 340-க்கு மேற்பட்ட பிரேம்கள் கிடைக்கும். நல்ல வெளிச்சம் மட்டும் இருந்தால் மேற்சொன்ன மடிப்பு ஏழு பிரேம்களிலாவது தென்பட்டுவிடும். ஆகவே காமிரா வாங்கப் பணம் தேடுவதற்கு முன், சட்டைப்பையில் இருப்பதை எடுத்து ஒரு தரம் பார்த்துவிடுவது விவேகம்.

ஆயினும் காமிரா காட்டும், காரணம் சொல்லாது. மடிப்பைக் கண்டவுடன் பிரேக் ஸ்பிரிங்கை நினைக்க, அந்த யந்திரத்தோடு பல வருஷம் பழகிய ஃபிட்டரின் மூளை வேண்டும். அதனால் படத்தை மானேஜர் அறைக்குள் பூட்டி வைத்துப் பார்ப்பது வீண் காரியம். லைனில் நிற்பவர்களையும் கூட உட்கார்த்தி வைத்துப் பார்த்தால்தான் முழுப் பலனும் கிட்டும். காமிராவைப் பொருத்துவதற்கு முன்பே, இது யந்திரத்தைப் பார்ப்பதற்கு, ஆளைப் பார்ப்பதற்கு அல்ல என்று அவர்களிடம் சொல்லிவிடுவதும், சொன்ன வாக்கைக் காப்பாற்றுவதும் அவசியம். வேவு பார்க்கும் கருவி என்ற எண்ணம் ஒரு தரம் படிந்துவிட்டால், அதன் முன்னே எவரும் இயல்பாக வேலை செய்யமாட்டார்கள். இயல்பாக நடக்காததைப் படமெடுத்து ஒரு பிரயோஜனமும் இல்லை.

1958-இல் தோன்றிய கிண்டித் தொழிற்பேட்டையிலும், பின்னர் எழுந்த அம்பத்தூரிலும், பத்து இருபது பேரை வைத்துக்கொண்டு நடக்கும் பட்டறைகள் ஏராளம். வருஷத்தில் இரண்டு மூன்று தடவை தேவைப்படும் காமிராவை அவை ஒவ்வொன்றும் சொந்தமாக வாங்கிவைப்பது நியாயமான செலவாகாது. கிண்டியிலேயே பிளாஸ்டிக் துறைக்கென்று 1968-இல் நிறுவப்பட்ட சிபெட் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் அண்ணா பல்கலைக்கழகப் பொறியியல் கல்லூரி இருக்கிறது. தரமணியில் மத்திய பாலிடெக்னிக் இருக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று, அல்லது தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கமே, இரண்டு காமிராக்களையும் நான்கு எல்.இ.டி. விளக்குகளையும் வாங்கி வைத்து, அவற்றைக் கையாளத் தெரிந்த ஒரு மாணவனோடு சேர்த்து நாள்வாடகைக்கு அனுப்பிவைக்குமானால், கற்கிற பிள்ளைக்கு நிஜமான யந்திரத்தின் பரிச்சயமும், பட்டறைக்கு அதன் கோளாறின் காரணமும் ஒருங்கே கிடைக்கும். சம்பந்தப்பட்ட பெரியவர்கள் இதை ஆலோசித்து, வருகிற கல்வியாண்டிலேயே தொடங்கிவைக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.