காணிக்கையோடு நீங்களும் வாருங்கள்



பிலிப்பி சபையார் சிறையிலிருந்த பவுல் அப்போஸ்தலனுக்கு உதவி அனுப்பினார்கள் என்பதை நாம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்டிருக்கிறோம். அதை யார் கொண்டுபோனார் என்று அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எப்பாப்பிரோதீத்து என்கிற சகோதரர் கொண்டுபோனார். ஒப்படைத்தவுடனே ஊர் திரும்பிவிடவில்லை. பவுலோடு தங்கிப் பணிவிடை செய்தார். அதிலே வியாதிப்பட்டு, பிழைப்பதே அரிதென்னும் நிலைக்கும் போனார். பிலிப்பியர் பணத்தோடு தங்களில் ஒருவரையும் அனுப்பியிருந்தார்கள்.

முன்பெல்லாம் நமது மருத்துவமனைக்குக் காணிக்கை மணியார்டரில் வரும். கூப்பனில் இரண்டு வரி இருக்கும்: மகளுக்குச் சுகப்பிரசவமானதற்காக ஸ்தோத்திரம், அல்லது மறைந்த கணவரின் நினைவாக. அந்தக் கூப்பன்களை வைத்துக்கொண்டு நான் காலை ஜெபம் செய்வேன். இப்போது தொகை நேராக வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. கணக்கருக்கு இது வசதி. எனக்கோ, அனுப்பியவரின் முகம் மறைந்துவிட்டதைப்போல இருக்கிறது. உங்களுக்கும் நோயாளியின் முகம் அப்படித்தானே மறைந்திருக்கும்?

ஆனால் முகத்தைக் காட்டுகிறேன் என்று நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சபையிலிருந்து வேன் நிறைய ஆட்கள் பழமும் ரொட்டியும் கொண்டுவந்தார்கள். அவர்களைக் கட்டில் கட்டிலாக அழைத்துப்போனேன். ஒரு தாயாரின் அருகே நின்று, அவருடைய வியாதியின் பெயரைச் சொல்லி, ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஒருவர் போட்டோவும் எடுத்தார். அந்த அம்மா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். மறுநாள் என்னிடம், "மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கிட்டிருக்கோம் ஐயா. வந்தவங்கள்ல ஒருத்தர் மாப்பிள்ளை ஊர்க்காரரு" என்றார். நான் என்ன பதில் சொல்ல முடியும்? வந்த சபையார்மேல் குற்றமில்லை; வியாதியின் பெயரை வெளியே சொன்னவன் நான். அதற்குப்பின் காணிக்கையாளர்களை வார்டைச் சுற்றிக்காட்ட அழைத்துப்போவதை நிறுத்திவிட்டேன். வருகிறவர்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன்.

என்ன வேலை என்று கேட்பீர்கள். நமது நாட்டு ஆஸ்பத்திரிகளில் நோயாளிக்குத் துணை ஆள் இல்லாவிட்டால் காரியம் நடவாது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு பார்மசிக்குப் போகவேண்டும். பில் கட்ட வரிசையில் நிற்கவேண்டும். ஸ்கேன் அறைக்கு ஸ்டிரெச்சரோடு கூடவே போகவேண்டும். கஞ்சி வாங்கிவரவும், இரவில் தண்ணீர் எடுத்துக் கொடுக்கவும் ஒருவர் வேண்டும். நர்சுகள் எவ்வளவு அன்பாயிருந்தாலும் ஒரு வார்டு முழுவதற்கும் உறவினராக இருக்க அவர்களால் கூடாது. பிள்ளைகளெல்லாம் வெளிநாட்டிலிருக்கிற பெரியவர்களும், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் கட்டட வேலைக்கு வந்து கால் முறிந்து கிடக்கிற வாலிபர்களும் இப்படித் துணையற்று இருப்பதை வாரந்தோறும் பார்க்கிறேன்.

இரயில்வேயில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஒரு சகோதரர் பதினொரு ஆண்டுகளாக மாதம் 200 ரூபாய் அனுப்பிவந்தார். வாசலைத் தாண்டி உள்ளே வந்ததில்லை. இப்போது செவ்வாயும் வெள்ளியும் வருகிறார். இந்தி தெரிந்தவர். டாக்டர் சொல்லுகிறதை அந்த வாலிபர்களுக்கு எடுத்துச் சொல்லி, அவர்கள் வீட்டுக்குப் போன் போட்டுக் கொடுத்து, மத்தியானம் வரைக்கும் உடன் உட்கார்ந்திருப்பார். ஏழை நிதி யாருக்கு, எந்த அளவில் கொடுக்கப்படுகிறது என்று கேள்வியும் கேட்கத் தொடங்கினார். சில கேள்விகள் எங்களுக்குச் சங்கடமாகத்தான் இருந்தன. ஆனாலும் தூரத்திலிருந்து புகழுகிறவரைவிட, கிட்ட வந்து கேட்கிறவரே எங்களுக்கு அதிகப் பிரயோஜனமானவர் என்பது என் எண்ணம்.

இரத்ததானத்தைக் குறித்தும் ஒரு வார்த்தை. 18 வயது நிரம்பி, 45 கிலோவுக்குக் குறையாத எடையுள்ள ஆரோக்கியமானவர்கள் இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறையும் கொடுக்கலாம். அன்புகூர்ந்து சபை ஆண்டுவிழாவன்று நாற்பது பேராக வந்துவிடாதிருங்கள். இரத்தத்தைக் குளிரில் வைத்தாலும் சுமார் 35 நாட்கள்தான் தாங்கும். அதிலிருந்து பிரிக்கிற தட்டணுக்களோ 5 நாட்களுக்குமேல் நில்லா. எங்களைப்போன்ற சிறிய மருத்துவமனையில் மிஞ்சுவது வீணாகும். மாதம் நான்கு பேராக முறைவைத்து வந்தால் பேருதவி. கல்லூரிகள் மூடியிருக்கிற மே மாதத்தில்தான் எங்களுக்கு மிகுந்த தட்டுப்பாடு.

தூரத்திலிருக்கிறவர்கள் என்ன செய்வது? 1874-இல் வெல்லெஸ்லி பெய்லி அயர்லாந்தின் டப்ளின் நகரப் பகுதியில், தாம் இந்தியாவில் கண்ட தொழுநோயாளரைப் பற்றிச் சிநேகிதரிடம் பேசினார். கேட்டிருந்த சார்லட் பிம் அம்மையார் ஆண்டுக்கு 30 பவுண்டு திரட்டித் தருவதாக ஏற்றுக்கொண்டார். தாம் கேட்டதை மற்ற வீடுகளுக்கும் கொண்டுபோனார். தொழுநோய் மிஷன் அங்கிருந்தே வளர்ந்தது. மிசோரம் சபைப் பெண்கள் 1910 முதல், சோறு ஆக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கர்த்தருக்கென்று எடுத்து வைத்து வருகிறார்கள். நம் பாட்டிமாரும் பிடியரிசிக் கலயம் வைத்திருந்தவர்கள்தான். வீட்டைவிட்டு வெளியே வர முடியாத ஒரு வயதான அம்மா, அரிசி களையும்போது எந்த வார்டுக்காக ஜெபிக்கவேண்டும் என்று வாரந்தோறும் என்னிடம் போனில் கேட்கிறார். நோயாளியின் பெயரை நான் சொல்லுவதில்லை, அவரும் கேட்பதில்லை.

வர விரும்புகிறவர்கள் ஒரு வாரம் முன்னதாகத் தெரிவியுங்கள். இருவர் இருவராக வாருங்கள். சளி, காய்ச்சல் இருந்தால் அன்று வேண்டாம். காமிரா வேண்டாம், செல்போனைப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். காலை எட்டரை மணிக்குச் சிற்றாலய வாசலில் காத்திருப்பேன். முதல் நாள் பெரும்பாலும் பில் கவுண்டர் வரிசையிலேயே கழியும்.

கிறிஸ்துவின் பணியில் உங்கள்,
மருத்துவமனைக் குருவானவர்