கட்டற்ற மென்பொருளும் குடிமராமத்தும்

குடிமராமத்து என்னும் சொல்லைத் தஞ்சைத் தரணியில் அறியாதார் சிலரே. ஆற்றில் தண்ணீர் வருமுன் ஊரார் கூடி வாய்க்காலைச் செப்பனிட்ட வழக்கம் அது. மண்வெட்டியோடு வந்தவரிடம் படிப்பென்ன என்று எவரும் கேட்டதில்லை. மென்பொருள் உலகிலும் இத்தகைய மராமத்து உண்டு. அதனைப் ‘பேட்ச்’ என்பர். நாம் ‘ஒட்டு’ எனலாம்.

மூலநிரலைப் பொதுவில் வைத்து, எவரும் படிக்கலாம், திருத்தலாம் என்று விடுவதே கட்டற்ற மென்பொருளாகும். ஆனால் உரிமை இருப்பது வேறு, திருத்த முடிவது வேறு. லினக்ஸ் கெர்னலில் ஒரேயோர் எழுத்துப் பிழையைத் திருத்துவதாகக் கொள்வோம். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய ‘கிட்’ என்னும் கருவியால் நிரலை இறக்கிக்கொள்ள வேண்டும். திருத்தியபின், அப்பகுதியின் பொறுப்பாளர் யாரெனத் தேடி, விதித்த வடிவில், கையொப்ப வரியுடன் மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். கெர்னல் மேட்டூர் அணை போன்றது. அங்கே காவல் தேவைதான். கன்னி வாய்க்காலுக்கும் அதே காவல் எதற்கு?

கைப்பேசி ஒன்றே கையிலுள்ள என் போன்ற மாணவனுக்கு இக்கேள்வி சிறிதன்று. தமிழ் மொழிபெயர்ப்பில் ஒரு தவறான சொல் கண்ணில் பட்டால், அதைச் சொல்ல வழியின்றி மூடிவிடுகிறோம். தவறு அப்படியே நிற்கிறது.

வழி காட்டியவர்களும் உண்டு. கிட்ஹப் தளத்தில் பென்சில் குறியைத் தொட்டால், பிரதி எடுக்கும் வேலையைத் தளமே செய்துவிடும். 2012இல் தோன்றிய வெப்லேட்டில் மொழிபெயர்ப்பை வரி வரியாகத் திருத்தலாம். நிரல் தெரிய வேண்டியதில்லை. லிப்ரே ஆபீஸ் மொழிபெயர்ப்பு அதில்தான் நடக்கிறது.

நமக்கு மிக அண்மையில் உள்ள சான்று தமிழ் விக்கிமூலம். அது மென்பொருளன்று, நூலகம். ஆயினும் வேலை ஒன்றே. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களின் பக்கப் படங்கள் ஒருபுறம், கணினி படித்தெடுத்த எழுத்து மறுபுறம். ‘ர’ காலாக மாறியிருக்கும். ‘ன’வும் ‘ண’வும் குழம்பியிருக்கும். முழு நூலையும் ஏற்க வேண்டாம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் ஒரு பக்கம் போதும். திருத்தாத பக்கம் சிவப்பு, ஒருவர் மெய்ப்புப் பார்த்தது மஞ்சள். மஞ்சளாக்கியவரே அதைப் பச்சையாக்க முடியாது. புகுபதிகை செய்த இன்னொருவர் வந்து சரிபார்க்க வேண்டும்.